வக்கீல் தளபதி – 4: கோட்டைக்கு வந்த மூவர்

அமெரிக்காவின் லோவல் நகரத்து நீதிமன்றங்களில் பெயரெடுத்த வக்கீல் பெஞ்சமின் பட்லர், எதிராளியின் வாதத்தைக்கொண்டே எதிராளியை மடக்குவதில் கெட்டிக்காரர். அரசியலில் ஜனநாயகக் கட்சிக்காரர். 1860 சார்லஸ்டன் மாநாட்டில், ஜனாதிபதி வேட்பாளராக ஜெஃபர்சன் டேவிஸுக்கு 57 முறை வாக்களித்தவர். அதே டேவிஸ்தான் மறு வருடம் பிரிந்துபோன தென் மாநிலங்களுக்குத் தலைவரானார்! ஆகவே, அடிமைகளை மீட்கவென்றே பிறந்த மகாத்மா என்று பட்லரைத் தயவுசெய்து நினைத்துவிட வேண்டாம்.

வடக்குக்கும் தெற்குக்கும் போர் மூண்டதும் வடக்கின் படையில் ஒரு தளபதியானார். 1861 மே 22 அன்று வர்ஜீனியா கடற்கரையிலுள்ள மன்றோ கோட்டைக்கு வந்து பொறுப்பேற்றார். மறுநாள் வர்ஜீனியாவின் வெள்ளை ஆண்கள் ஓட்டுப் போட்டுப் பிரிவினையை உறுதி செய்தார்கள். அன்றிரவே ஃபிராங்க் பேக்கர், ஷெப்பர்டு மல்லரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் என்ற மூன்று அடிமைகள் படகேறிக் கோட்டைக்கு வந்துவிட்டார்கள். எதிரியின் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை விட்டிருந்தார் எஜமானர் கர்னல் மல்லரி.

அடுத்த நாள் வெள்ளைக்கொடியோடு கர்னல் மல்லரியின் சார்பில் மேஜர் கேரி வந்தார். தப்பியோடும் அடிமையைத் திருப்பித் தரவேண்டும் என்று 1850ஆம் வருடச் சட்டம் சொல்கிறதே, அது உங்களைக் கட்டுப்படுத்தாதா என்று கேட்டார். பட்லருக்கு இது தினப்படி சாப்பாடு. அந்தச் சட்டம் அமெரிக்காவுக்கு உள்ளேதான் செல்லுபடியாகும். நீங்கள்தான் தனி நாடு என்கிறீர்களே, அந்நிய நாட்டுக்கு நான் எதற்குத் தரவேண்டும் என்றார். போருக்குப் பயன்படும் எதிரியின் சொத்தைப் பறிமுதல் செய்யச் சட்டம் இடம் தருகிறது, இவர்களும் அப்படிப்பட்ட சொத்துதான் என்றார். கர்னல் நேரில் வந்து அமெரிக்காவுக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் ஒப்படைத்துவிடுவதாகவும் சேர்த்துக்கொண்டார். கேரி வெறுங்கையோடு திரும்பினார்.

கவனியுங்கள், 'இவர்கள் மனிதர்கள்' என்று பட்லர் கேரியிடம் வாதாடவில்லை. சொத்து என்று ஒப்புக்கொண்டுதான் ஜெயித்தார். மே 27 அன்று மேலிடத்துக்கு எழுதிய கடிதத்திலும், கைக்கு வந்த 'சொத்தின்' மதிப்பு 60,000 டாலர் என்று கணக்கு காட்டுகிறார். ஆனால் அதற்குள் அடிமைகள் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கிவிட்டார்கள். பீரங்கி மேடை கட்டியவன் போர்ச் சரக்கு, சரி. கைக்குழந்தை எந்த வகையில் போர்ச் சரக்கு? அந்தக் கேள்வியைப் பட்லரே கடிதத்தில் எழுப்பினார். தன் வாதத்தின் ஓட்டை வேறு யாரையும்விட அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. இந்த இடத்தில்தான் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வருகிறது.

லிங்கன் அரசு அவர் செய்ததை ரத்து செய்யவில்லை. ஆகஸ்ட் 6 அன்று நாடாளுமன்றமே பறிமுதல் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. லிங்கனின் அடிமை விடுதலைப் பிரகடனத்துக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் வடக்கின் படை முகாம்களைத் தேடி நடந்துவிட்டார்கள். கதவைத் தட்டியது அந்த மூவர்; பட்லர் அதைச் சாத்தவில்லை, அவ்வளவுதான்.

மறு வருடம் நியூ ஆர்லியன்ஸில் இதே பட்லரின் முகத்தை மூத்திரச் சட்டிக்குள் வரைந்து விற்றார்கள். ஏன் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)