ஏற்றத்தை எஞ்சின் பார்க்கும், இறக்கத்தை கியர்தான் பார்க்க வேண்டும்

சமவெளியில் டிரக்டர் வாங்கப் போகும் விவசாயி முதலில் கேட்பது, "எத்தனை குதிரை வலு?" என்பதைத்தான். ஹட்டன், நுவரெலியா பக்கத்தில் அதற்கு முன் வேறொரு கேள்வி உண்டு: "இறக்கத்தில் பிடிக்குமா?"

காரணம் எளிது. மலையகத்துத் தோட்டங்களில் டிரக்டர் உழுவதைவிடச் சுமப்பதே அதிகம். மடுவத்தில் நிறுத்த கொழுந்தைத் தொழிற்சாலையில் சேர்ப்பது, உரமூட்டை, விறகு ஏற்றுவது என்பவைதாம் அதன் அன்றாட வேலை. பறித்த கொழுந்து நெருக்கி அடைக்கப்பட்டுக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். தூளின் தரம் போய்விடும். எனவே வழியில் நின்றுபோன டிரக்டர் கராஜ் செலவை மட்டும் வைப்பதில்லை, அன்றைய கொழுந்தையும் கெடுக்கிறது. இறக்கத்தில் பிடி விட்டாலோ உயிருக்கே ஆபத்து.

எஞ்சினே பிரேக்

சுமையோடு இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்ப முடியாது. தொடர்ந்து மிதித்தால் சூடேறிப் பிடி குறையும். சிறிய கியரில் இறங்கினால் சில்லுகள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருப்பதால் வண்டியின் வேகம் தானாகவே அடங்கும். "எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு" என்று பழைய சாரதிகள் சொல்வது இதனால்தான்.

பழைய டிரக்டர்கள் பலவற்றில் பற்சக்கரங்கள் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று கோர்க்கும் அமைப்பே உண்டு. எளிமையானது, நீடித்து உழைப்பது, திருத்துவதற்கும் சுலபமானது. ஆனால் ஓடும்போது மாற்ற முடியாது. இறக்கத்தின் நடுவில் நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டால் மீண்டும் கியர் விழாது. வண்டி நம் கையை விட்டுப் போய்விடும். ஆகவே கியரை இறக்கம் தொடங்குமுன்பே தெரிவு செய்து விட வேண்டும். புதிய மாதிரிகளில் வரும் சின்க்ரோமெஷ் அமைப்பு இந்தச் சிரமத்தைக் குறைக்கிறது. விலையும் அதற்கேற்பக் கூடுகிறது.

135இல் ஒரு நுணுக்கம்

1964இல் சந்தைக்கு வந்த மெசி பெர்குசன் 135 இன்றும் நம் விவசாயிகளின் நன்மதிப்பைப் பெற்றது. அதில் விருப்பத் தேர்வாக 'மல்டி பவர்' என்ற வசதி கிடைத்தது. கிளச் மிதிக்காமலே ஹை, லோ என மாற்றலாம். வயலில் மிக வசதி. ஆனால் லோ நிலையில் எஞ்சின் சில்லைச் சுழற்றும். சில்லு எஞ்சினைச் சுழற்றாது. பெடல் மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிள் ஓடுவது போல வண்டி தாராளமாக உருளும். அதாவது எஞ்சின் பிரேக் அங்கு கிடையாது. இறக்கத்தில் சிறிய கியரும் ஹை நிலையுமே பாதுகாப்பு. எண்ணெய் அழுத்தம் குறைந்திருந்தால் ஹை நிலையும் வழுக்கும். மலைப்பாதைக்கு இந்த வசதியில்லாத சாதாரண கியர்ப்பெட்டியே மேல் என்று பலர் கருதுவதில் நியாயமுண்டு.

லேண்ட்மாஸ்டர் ஓட்டுவோருக்கு

இருசில்லு இயந்திரத்தை எந்தக் கம்பனி செய்தாலும் நம்மவர்களுக்கு அது 'லேண்ட்மாஸ்டர்'தான். சமதரையில் இடக்கைப் பிடியை அழுத்தினால் இடச்சில்லுக்கு வரும் விசை நின்று வண்டி இடப்பக்கம் திரும்பும். செங்குத்தான இறக்கத்தில், பின்னாலிருந்து பெட்டி தள்ளும்போது, நடப்பது நேர்மாறு! விடுபட்ட இடச்சில்லு வேகமாக உருள, எஞ்சின் பிடித்திருக்கும் வலச்சில்லு தாமதிக்கும். வண்டி வலப்பக்கம் திரும்பும். பக்கத்தில் பள்ளமிருந்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. இறக்கத்தில் அந்தப் பிடியைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்ப வேண்டும். புதிதாக ஓட்டுவோருக்கு முதலாளிமார் இதைக் கட்டாயம் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

பழையதை ஏன் விடுவதில்லை?

கிளச் தட்டு தேய்ந்தால் இத்தகைய டிரக்டர்களை நடுவால் பிரித்தே மாற்ற வேண்டும். ஆனாலும் அந்த வேலை தெரிந்த மெக்கானிக்கும் உதிரிப்பாகமும் உள்ளூரில் கிடைத்தால் விவசாயிக்குக் கவலை இல்லை. மெசி பெர்குசன் வடிவமைப்பைப் பின்பற்றியே, 1960இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் டிரக்டர்களைச் செய்து வந்தது. பழக்கப்பட்ட அமைப்பு என்பதே மறுவிற்பனை விலையைக் காப்பாற்றுகிறது. 2022இல் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது, திருத்தி ஓட்டக்கூடிய வண்டியின் அருமை எல்லோருக்கும் விளங்கியது.

இது நம் நாட்டுக் கதை மட்டுமல்ல. கணினி பொருத்திய டிரக்டர்களைத் திருத்துவதை ஜோன் டியர் நிறுவனம் தன் முகவர்களுக்குள்ளேயே முடக்கி வைத்துள்ளது என்று குற்றஞ்சாட்டி, 2025 ஜனவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்தது. தன் வண்டியைத் தானே திருத்தும் உரிமையை அந்தப் பெரிய நாட்டு விவசாயியும் கேட்க வேண்டியிருக்கிறது.

வாங்குமுன் கவனிக்க

பாவித்த டிரக்டர் வாங்குவோர் பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். சுமையில்லாமல் மிதமான இறக்கமொன்றில் சிறிய கியரில் ஓட்டி, எக்ஸிலேட்டரை விட்டுப் பாருங்கள். கியர் தானாகக் கழன்றால் உள்ளே தேய்மானம் உண்டு. கியர் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் நீர் கலந்திருக்கிறது. இரும்புத் துகள் இருந்தால் பற்கள் போகின்றன. மழை, சேறு மிகுந்த நம் பகுதிக்கு எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள மாதிரி உகந்தது. இரண்டு பிரேக் மிதிகளையும் பாதையில் ஓட்டும்போது இணைத்துப் பூட்ட முடிகிறதா என்றும் பாருங்கள்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. பொருளின் குறையைச் சொல்லி விற்பதே நேர்மையான வியாபாரம். கியர் கழலும் வண்டியை மறைத்து விற்றவர் லாபம் பார்த்திருக்கலாம். அதன் விலையைக் கொடுப்பவர், கொழுந்து மூட்டைகளோடு முதல் இறக்கத்தில் இறங்கும் சாரதி.