பாறசாலையில் கிராசிங்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்தவர்களிடம் பாறசாலை என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வருவது ஒரு பெருமூச்சு. குழித்துறை தாண்டி, மாநிலம் மாறி, கேரளத்துக்குள் நுழைந்ததும் வண்டி நிற்கும். நின்றுகொண்டே இருக்கும். "கிராசிங் போட்டுட்டான்" என்பார் ஒருவர். மடித்த செய்தித்தாள் மறுபடி விரியும்.

1979இல் திறந்த இந்தத் தடம் பல்லாண்டு ஒற்றைப் பாதையாகவே ஓடியது. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று ஏதாவது நிலையத்தில் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். அடுத்துள்ள தனுவச்சபுரமும் அமரவிளையும் வெறும் ஹால்ட்டுகள். ஒதுங்க இன்னொரு தண்டவாளம் அங்கே கிடையாது. நெய்யாற்றின்கரையை விட்டால் பாறசாலைதான்.

எந்த வண்டி எங்கே ஒதுங்குவது என்று முடிவுசெய்பவர் செக்‌ஷன் கன்ட்ரோலர். அவர் கண்ணில் வண்டியே படாது. அவர் முன்னால் இருப்பது ஒரு வரைபடம்: மேலிருந்து கீழாக நிலையங்கள், இடமிருந்து வலமாக மணி. ஒவ்வொரு வண்டியும் அதில் ஒரு சாய்கோடு. கோடு நிமிர்ந்திருந்தால் வேகம். சாயச் சாய மந்தம். முழுக்கப் படுத்துவிட்டால் வண்டி நிற்கிறது. எதிர்த்திசை வண்டியின் கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்து வரும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் நம் ஆள் சொன்ன கிராசிங். ஒற்றைப் பாதையில் அந்த வெட்டு ஒரு நிலையத்தின் கோட்டின் மேல் விழ வேண்டும். தனுவச்சபுரத்தருகே விழுந்தால், நடக்கவிருக்கும் மோதல் ஒரு மணி நேரத்துக்கு முன்பே தாளில் தெரிந்துவிடும். ஒரு கோட்டைப் பாறசாலையில் சற்றுப் படுக்கவைத்தால் போதும். அந்தப் படுக்கைக் கோடுதான் பெட்டிக்குள் நம் பெருமூச்சு.

பாரிஸ்–லியோன் ரயில்களுக்கு இப்படி வரைந்த படத்தை மாரே என்ற பிரெஞ்சு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தன் நூலில் வெளியிட்டார். பென்சில் போய்க் கணினி வந்த பிறகும் படம் மாறவில்லை. நேரம், இடம், வேகம், தாமதம், ஆபத்து எல்லாம் ஒரே கோட்டில். இதைவிடச் சிக்கனமான டாஷ்போர்டை நான் பார்த்ததில்லை.

நிலையத்துக்குள் இருப்பது வேறு வகை. பல நிலையங்களில் ஸ்டேஷன் மாஸ்டரின் மேசையில் பேனல் ஒன்று இருக்கும். வெளியே தண்டவாளம் எப்படிப் பிரிகிறதோ அப்படியே அதிலும் பட்டைகளாகப் பிரியும். சிக்னல்களின் சின்ன விளக்குகளை விட்டுவிட்டுப் பட்டைகளை மட்டும் பாருங்கள். வழி காலியாக, எதற்கும் ஒதுக்கப்படாமல் இருந்தால் இருட்டு. ஒரு வண்டிக்கு வழி போட்டதும் வெளிச்சக் கோடு. வண்டி ஏறியதும் சிவப்பு. "எல்லாம் நலம்" என்று பச்சையில் பூரிக்கும் கட்டங்கள் இல்லை. நம் அலுவலக மென்பொருளின் முகப்புகளில் இருபது வட்டங்கள் இருபது நிறத்தில் மின்னும். பாக்கி வைத்த வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் மட்டும் நாலு பக்கம் தேட வேண்டும்.

அந்தச் சிவப்புக்குள் இன்னொரு நுணுக்கம் உண்டு. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடி ரிலே என்ற மின்காந்தச் சுவிட்ச் ஒன்றைத் தூக்கிப் பிடித்திருக்கும். வண்டியின் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் இணைத்ததும் மின்சாரம் குறுக்குவழியில் போய்விட, ரிலே விழும், பட்டை சிவக்கும். கம்பி அறுந்தாலும், பாட்டரி செத்தாலும் ரிலே விழத்தான் செய்யும். அப்போதும் சிவப்புதான். தெரியாததைக் காலி என்று காட்டாமல், வண்டி நிற்பதாகவே எடுத்துக்கொள்கிறது பேனல். தரவு வராத இடத்தில் பூஜ்யம் என்று அச்சடிக்கும் மென்பொருள்காரர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

வழி போடச் சிக்னல் பொத்தானையும் வழிப் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். கை தவறி ஒன்றில் பட்டால் எதுவும் நகராது. தண்டவாளத்தின் அந்த மின்சுற்று பழுதாகிப் பட்டை சிவந்திருக்கும்போது, தடம் மாற்றும் பாயின்ட்டைத் திருப்புவது போன்ற அவசரக் காரியங்களுக்குத் தனிப் பொத்தான். அங்கே "உறுதியாகவா?" என்று பெட்டி எதுவும் எழும்பாது. பக்கத்தில் சின்ன எண்ணி ஒன்று இருக்கும். ஒவ்வொரு முறையும் அதில் ஒன்று கூடும். பழைய எண், புதிய எண், காரணம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். எண்ணியைப் பின்னுக்குத் திருப்ப அந்த மேசையில் பொத்தான் கிடையாது.