ஆற அமர – 9: பன்னிரண்டு மீட்டர் போதும்

அந்தமானுக்கு ஸ்கூபா டைவிங் போகிறவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஐந்து நாள் லீவு. சென்னையில் விமானம் ஏறி போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) இறங்கியதும் அடுத்த படகில் ஹேவ்லாக் தீவு. மறுநாளிலிருந்து தினம் இரண்டு டைவ், முடிந்தால் மூன்று. ஊர் திரும்பும் நாள் காலையிலும் நேரமிருந்தால் ஒன்று. காசைக் கொட்டிக் கொடுத்தாயிற்று, விட்டுவைப்பானேன் என்ற கணக்கு. எண்ணிக்கையும் ஆழமும் கூடக் கூடப் பார்ப்பது குறைந்துகொண்டே போகும் என்பதால் இந்தக் கணக்கு உதைக்கிறது.

முதலில் சிலிண்டர். வாடகைக்குக் கிடைக்கும் வழக்கமான அலுமினிய சிலிண்டரில் ஏறத்தாழ 2,200 லிட்டர் காற்று இருக்கும். பதற்றமில்லாத ஒருவர் கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால், 10 மீட்டரில் அதே மூச்சுக்கு 40 லிட்டர் செலவாகும். 20 மீட்டரில் 60. கால் பங்கைக் கட்டாய இருப்பாக ஒதுக்கிவிட்டால் 10 மீட்டரில் நாற்பது நிமிடம் கிடைக்கும், 20 மீட்டரில் அரை மணி நேரம்கூடத் தேறாது. உடம்பில் கரையும் நைட்ரஜனின் கணக்கு இன்னும் கறார். வழியில் நின்று நின்று அழுத்தத்தைத் தணிக்காமல் நேராக மேலே வர வேண்டுமானால், பொழுதுபோக்கு டைவிங்கில் பரவலாகப் பின்பற்றப்படும் அட்டவணை 30 மீட்டரில் 20 நிமிடம்தான் தருகிறது. 18 மீட்டரில் 56, 12 மீட்டரில் 147. ஆக, 12 மீட்டரில் கடிகாரம் உங்களை விரட்டாது. அங்கே நைட்ரஜன் எல்லை வருவதற்கு வெகு முன்பே காற்று தீர்ந்துவிடும். அந்தக் காற்று எவ்வளவு நேரம் வரும் என்பதோ, நீங்கள் எவ்வளவு அமைதியாக இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மேலோட்டமாக இறங்கினால் என்ன பெரிதாகத் தெரிந்துவிடும் என்று கேட்பார்கள். பவளத்தின் தசைக்குள் குடியிருக்கும் நுண்பாசி வெயிலில் உணவு தயாரிக்கிறது. பவளம் பெரும்பாலும் அந்த உணவைக் கொண்டே வாழ்கிறது. ஆகவே வெளிச்சம் உள்ள இடத்தில்தான் பவளப்பாறை தழைக்கும். வெளிச்சத்தின் நிறங்களில் தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 20 மீட்டருக்குக் கீழே டார்ச் அடிக்காமல் பார்த்தால் எல்லாமே நீலச் சாம்பல். ஹேவ்லாக்கின் நீமோ ரீஃப் போன்ற ஆழம் குறைந்த இடத்தில், ஒரே பாறையின் முன்னால் ஐந்து நிமிடம் அசையாமல் மிதந்தால் போதும். கிளிமீன் பாறையைக் கடிக்கும் ‘கரக், கரக்’ சத்தம் காதில் விழும். கடித்த சுண்ணாம்பைச் சற்றுத் தள்ளிப் போய் வெண்மணலாகக் கழிக்கும். பவளத்தீவுக் கடற்கரைகளின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இப்படி வந்ததுதான். தேனிலவு விளம்பரங்களில் இதைப் போடமாட்டார்கள். கடல் சாமந்தியின் இழைகளுக்கு நடுவே வாழும் கோமாளி மீன் குடும்பத்தில் பெரியதுதான் பெண். அது செத்தால் அடுத்த நிலையில் இருக்கும் ஆண், பெண்ணாக மாறும். இன்னொரு பக்கம், நீலக் கோடு போட்ட விரல் நீள மீன் ஒன்று பெரிய களவாவின் பிளந்த வாய்க்குள் புகுந்து ஒட்டுண்ணிகளைப் பொறுக்கிவிட்டுச் செவுள் வழியாக வெளியே வரும். களவா நினைத்தால் ஒரே விழுங்கு. ஆனால் வாயைத் திறந்தபடி பொறுமையாக நிற்கும். சர்ரென்று நீந்திக் கடக்கிறவர் கண்ணில் இவை எதுவும் படாது.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2010 கோடையில் கடல் சூடேறி அந்தமான் பவளங்கள் வெளுத்தன, 2016இல் மறுபடியும். ஆழம் குறைந்த பகுதிகள்தான் பலமாக அடிவாங்கின. ஆகவே உயிருள்ள பாறையைப் பார்க்க ஆழத்துக்கே போக வேண்டும் என்கிறார்கள் பழகியவர்கள். இது பாதி உண்மை. டிக்ஸன்ஸ் பினக்கிள், ஜானிஸ் கார்ஜ் போன்ற இடங்களின் மீன் கூட்டத்துக்கு ஈடில்லைதான். ஆனால் அவற்றின் பெரும்பகுதி 18 மீட்டருக்குக் கீழே இருக்கிறது. தொடக்கநிலைச் சான்றிதழின் எல்லையே 18 மீட்டர். சான்றிதழ் இல்லாமல் இன்ஸ்ட்ரக்டரோடு இறங்குகிறவருக்கு 12. பழகியவர்களின் யோசனை பழகியவர்களுக்குப் பொருந்தும். மற்றவர்கள் முன்பதிவு செய்யும்போதே, 15 மீட்டருக்குள் உயிருள்ள பவளம் இப்போது எங்கே இருக்கிறது, அங்கே கூட்டிப்போவீர்களா என்று டைவிங் மையத்திடம் கேட்டுவிட வேண்டும். மழுப்பினால் வேறு மையம் பார்க்கலாம். மாதத்தையும் யோசிக்க வேண்டும். மே மாதம் பிறந்தால் பருவமழை நெருங்கிவிடும். கடல் அதிகம் சூடேறி பவளம் திணறுவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை உத்தமம்.

அடுத்தது லீவுப் பிரச்சினை. இருப்பதே ஐந்து நாள், அதில் ஓய்வு வேறா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் உடம்புக்கு லீவுக் கணக்கு தெரியாது. கீழே இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதி, ஒவ்வொரு மீட்டருக்கும் காதைச் சரிசெய்ய வேண்டும். அழுத்த மாற்றம் கடுமையாக இருப்பது முதல் 10 மீட்டரில்தான். தொடர்ந்து மூன்று நாள் இறங்கி ஏறினால் காது வீங்கிக்கொள்ளலாம். சளி பிடித்திருந்தால் முதல் நாளே முடிந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் கடலுக்குள் தணிந்து மேலே வரும்போது காது அடைத்துக்கொள்ளலாம். ஊர் திரும்பும்போதும் சிக்கல் உண்டு. விமானத்தின் உள்ளே இருக்கும் அழுத்தம் ஏறக்குறைய ஊட்டி உயரத்துக்குச் சமம். உடம்பில் மிச்சமிருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழியாகலாம். அதனால்தான் ஒரே ஒரு டைவ் செய்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் பல டைவ் செய்தவர் 18 மணி நேரமும் பறக்கக் கூடாது என்கிறது டைவிங் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க். ஐந்து நாளில் வரும் நாளும் போகும் நாளும் கழிந்து, திரும்புவதற்கு முந்தின நாளும் கழிந்தால், கடலுக்கு மிஞ்சுவது இரண்டு நாள். முதல் நாள் ஒன்று, மறுநாள் இரண்டு, ஆக மூன்று டைவ். ஏழு நாள் கிடைத்தால் நடுவே ஒரு நாள் சும்மா இருந்தும் ஐந்து செய்யலாம்.

சான்றிதழ்ப் பயிற்சியையும் அந்தமானிலேயே முடித்துவிடலாமே என்று கேட்கலாம். முடிக்கலாம், மூன்று நான்கு நாள் அதற்கே போய்விடும். சென்னையிலும் புதுச்சேரியிலும் பயிற்சி மையங்கள் இருக்கின்றன. பாடத்தையும் நீச்சல்குளப் பயிற்சியையும் முன்பே முடித்துவிட்டுப் போனால் தீவின் நாட்கள் மிச்சம். இதில் பாறைக்கும் ஆதாயம் உண்டு. டைவர்களால் பவளம் உடைவது பெரும்பாலும் வேண்டுமென்றே அல்ல, நிலைகொள்ளாமல் தடுமாறும்போது துடுப்புக் காலணி பட்டுத்தான். மிதக்கப் பழகாதவர் கையில் கேமராவும் சேர்ந்தால் சேதம் இன்னும் கூடும். முதல் இரண்டு டைவுக்குக் கேமராவை அறையிலேயே விட்டுவிடுங்கள்.

ஆக, திட்டத்தைக் கடைசியிலிருந்து போடுங்கள். திரும்பும் விமான டிக்கெட்டை முதலில் எடுங்கள். அதற்கு முந்தின நாளை டைவிங் இல்லாத நாளாகக் குறித்து, அன்றே ஹேவ்லாக்கிலிருந்து படகேறிவிடுங்கள். கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். எடுக்கும் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா சேருமா என்று பாருங்கள். சாதாரணக் காப்பீடு பலவற்றில் சேராது. ஆஸ்துமா, இதய நோய், காது அறுவைச் சிகிச்சை இருந்தால் அங்கே போய் மருத்துவப் படிவத்தில் மறைக்காமல், ஊரிலேயே மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.