30-க்கும் மேற்பட்ட கிளப்கள், 11 நாடுகள்... உருகுவேயின் 'பைத்தியக்கார' ஸ்ட்ரைக்கர்!

மெஸ்ஸி, ரொனால்டோ போன்றவர்களை எந்த கிளப் என்று கேட்டால் சட்டென்று சொல்லிவிடலாம். செபாஸ்டியன் அப்ரெயுவைப் பற்றிக் கேட்டால், 'எந்த வருஷம், எந்த மாதம்?' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு ஊர் ஊராக ஆடியவர் அவர்.

1976-ல் உருகுவேயின் மினாஸ் என்ற ஊரில் பிறந்தவர். 6 அடிக்கும் மேல் உயரம், நீண்ட முடி, முதுகில் 13-ம் நம்பர். பட்டப்பெயர் 'எல் லோகோ'. ஸ்பானிஷ் மொழியில் பைத்தியக்காரன் என்று அர்த்தம். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை, அதையே அடையாளமாக வைத்துக்கொண்டார்.

அர்ஜென்டினாவின் சான் லொரென்ஸோ கிளப்பில் கோல்களைக் குவித்தவரை, 1998-ல் ஸ்பெயினின் டிபோர்டிவோ லா கொருன்யா வாங்கியது. ஐரோப்பா! தென் அமெரிக்க இளைஞர்கள் எல்லோருக்கும் இருக்கும் கனவு. ஆனால், அங்கே அவரால் நிலைக்க முடியவில்லை. கிளப் அவரை விற்கவும் இல்லை, வைத்துக்கொள்ளவும் இல்லை. 'லோன்' முறையில் பிரேசிலுக்கும் மெக்சிகோவுக்கும் அர்ஜென்டினாவுக்கும் அனுப்பிக்கொண்டே இருந்தது. நம் அரசு அலுவலகங்களில் 'டெபுடேஷன்' என்பார்களே, ஏறக்குறைய அதுதான். பெயர் ஓரிடத்தில், வேலை வேறிடத்தில்.

இன்னொரு காரணமும் உண்டு. அர்ஜென்டினா, மெக்சிகோ போன்ற நாடுகளில் அப்போது ஒரே ஆண்டில் இரண்டு குறுகிய தொடர்கள் நடக்கும், இரண்டுக்கும் தனித்தனி சாம்பியன். ஆறு மாதத்துக்கு ஒரு கோல் அடிக்கும் ஆள் தேவைப்படும் கிளப்கள் ஏராளம். தலையால் முட்டி கோல் போடும் உயரமான ஸ்ட்ரைக்கருக்கு எப்போதும் கிராக்கிதான். நிரந்தர இடம் கிடைக்காது, வேலை மட்டும் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

இஸ்ரேல், கிரீஸ் என்றும் சுற்றினார். 'நாடோடி' என்று இப்படிப்பட்டவர்களைக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் பார்ப்பார்கள். ஆனால், உருகுவே அணி அவரைக் கைவிடவில்லை. 2009 நவம்பரில் உலகக் கோப்பைக்குத் தகுதிபெற கோஸ்டாரிகாவுடன் கடைசிப் போராட்டம். மான்டிவிடியோவில் நடந்த அந்த ஆட்டம் 1-1 என முடிந்தது. உருகுவேயின் அந்த ஒரு கோல், 33 வயது அப்ரெயு அடித்தது.

அதனால் கிடைத்ததுதான் 2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். கானாவுடன் காலிறுதி. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில், கோலுக்குள் போகவிருந்த பந்தை லூயிஸ் சுவாரஸ் கையால் தடுத்து ரெட் கார்டு வாங்க, கானாவின் கியான் அடித்த பெனால்டி மேல் கம்பத்தில் பட்டுத் தெறித்தது. அடுத்து பெனால்டி ஷூட்-அவுட். உருகுவேயின் ஐந்தாவது கிக், அப்ரெயுவிடம். அடித்தால் அரையிறுதி.

ஓடி வந்தார். பலம் கொண்டு உதைக்கவில்லை. கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, பந்தை மெல்லத் தூக்கி நடுவில் போட்டார். பூப்போல விழுந்தது. இந்த உதைக்கு 'பனென்கா' என்று பெயர். 1976 ஐரோப்பிய இறுதிப்போட்டியில் செக்கோஸ்லோவாகியாவின் பனென்கா அடித்துக் காட்டியது. அப்ரெயு பிறப்பதற்கு நான்கு மாதம் முன்பு! கோல்கீப்பர் அசையாமல் நின்றிருந்தால், பந்து அவர் கையில் போய் உட்கார்ந்திருக்கும். நாடே சபித்திருக்கும்.

பைத்தியக்காரத்தனமா? முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. அதே ஆண்டு ஏப்ரலில், பிரேசிலின் மரக்கானா மைதானத்தில் பொடாஃபோகோ கிளப்புக்காக, பரம எதிரி ஃபிளமெங்கோவுக்கு எதிராக இதே உதையை அடித்துக் கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தார். பழகிய கைவரிசைதான். அடுத்த ஆண்டு கோபா அமெரிக்காவை வென்ற உருகுவே அணியிலும் இருந்தார்.

அதன்பிறகும் நிற்கவில்லை. ஈக்வடார், பராகுவே, எல் சால்வடார், சிலி. 2017 இறுதியில் சிலியின் ஆடாக்ஸ் இட்டாலியானோ அவருடைய 26-வது கிளப் ஆனபோது கின்னஸ் சாதனை. 2021-ல் 44 வயதில் ஓய்வுபெற்றபோது, கணக்கு 30-ஐத் தாண்டியிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு பயிற்சியாளராக பொலிவியாவுக்கும் பெருவுக்கும் போனார். ஆட்டக்காரராக அவர் விட்டுவைத்திருந்த நாடுகள்!