உடையும் முன் மாற்றுவோம்

புதைசாக்கடை என்றதும் சரிவில் தானாக ஓடும் குழாய்களே நினைவுக்கு வரும். ஆனால், அவற்றில் சேரும் கழிவுநீரை நீரேற்று நிலையங்களிலிருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்கு அழுத்தத்துடன் கொண்டுசெல்பவை உந்துகுழாய்கள்.

காற்றுப்புகாத அக்குழாய்களில் நுண்ணுயிர்கள் ஹைட்ரஜன் சல்பைடை உருவாக்குகின்றன. மேடான பகுதிகளில் தங்கும் அவ்வாயு, வேறு நுண்ணுயிர்களால் கந்தக அமிலமாகி, இரும்பையும் கான்கிரீட்டையும் உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே தெரியும் முதல் அறிகுறி பெரும்பாலும் உடைப்புதான்.

கழிவுநீர் வரத்தை ஒருநாளும் நிறுத்த முடியாது என்பதே குழாய் மாற்றத்தில் பெருஞ்சிக்கல். எனவே, பழையது இயங்கும்போதே இணையாகப் புதியதைப் பதித்து, அழுத்தச் சோதனை முடித்து, வரத்து குறையும் பின்னிரவில் இணைக்க வேண்டும். குறுகிய தெருக்களில் பழைய குழாய்க்குள்ளேயே பாலிஎத்திலீன் குழாயைச் செருகலாம். அதற்குத் தற்காலிக மாற்றுப்பாதை தேவை. விட்டம் சுருங்குவதையும் கணக்கிட வேண்டும்.

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் மாநகரைக் கடந்து நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. மாநகரில் கசியும் கழிவின் சுமை கீழ்ப்பகுதி உழவர்கள் மீதே விழும். உடைப்பின் பதற்றத்தில் தொழிலாளியைச் சாக்கடைக்குள் இறக்கும் ஆபத்தும் உண்டு. பாதுகாப்புச் சாதனமின்றி அவ்வாறு இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது; உயிரிழப்புக்கான இழப்பீட்டை 2023-இல் உச்சநீதிமன்றம் ரூ.30 லட்சமாக உயர்த்தியது.

ஒவ்வோர் உந்துகுழாயின் வயதையும் உடைப்பு வரலாற்றையும் உள்ளாட்சிகள் பதிவேட்டில் வைத்து, உடையும் முன்பே மாற்ற ஆண்டுதோறும் நிதி ஒதுக்க வேண்டும்.