சில வாரப் பயணமும் வேதியியற் கல்வியும்

கோடை விடுமுறை நெருங்கினால் நம் விடுதியில் ஒரே பேச்சுத்தான்: வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் சில வாரம் பயில இடம் கிடைக்குமா? கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால், வேதியியல் மாணவர் அங்கே எதைத் தேடிச் செல்வது? சமன்பாடு இங்கும் அங்கும் ஒன்றே. அதற்காகக் கடல் கடக்க வேண்டியதில்லை. கையும் கண்ணும் பழகும் சோதனைச்சாலைப் பயிற்சிதான் நூலில் கிட்டாதது.

இதற்கு ஜெர்மானிய அறிஞர் லீபிக்கின் வரலாறே சான்று. அவர் 1822-இல் அரசின் உதவித்தொகை பெற்றுப் பாரிஸ் சென்றார். அங்கே கே-லுசாக் என்னும் பேரறிஞருடன் சேர்ந்து, வெடிக்கும் இயல்புடைய சேர்மங்களை நுட்பமாக அளந்து ஆராய்ந்தார். இரண்டாண்டு நிறையுமுன் நாடு திரும்பி, 1824-இல், 21 வயதில், கீஸன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

படைவீரர் காவலிருந்த பழைய கட்டடமே அவருக்குச் சோதனைச்சாலை ஆயிற்று. அங்கே மாணவர் வேடிக்கை பார்த்து நிற்கவில்லை; ஒவ்வொருவரும் தம் கையாலேயே ஆய்ந்தனர். 1831-இல் லீபிக் ஐந்து குமிழ்க் கண்ணாடிக் கருவியை அமைத்தார். கரிமப் பொருள் எரிகையில் எழும் கரியமில வாயுவை அதிலுள்ள பொட்டாஷ் கரைசல் உறிஞ்சும். கருவியின் எடை கூடியதைக் கொண்டு கரியின் அளவை அறியலாம்.

பிற நாட்டு மாணவரும் கீஸன் வந்து இம்முறையைக் கற்றுச் சென்றனர். லீபிக்கின் மாணவர் ஹோஃப்மன் 1845 முதல் இலண்டனில் கற்பித்தார். அவரிடம் பயின்ற பெர்க்கின், 1856-இல், 18 வயதில் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். பாரிஸிலிருந்து ஒருவர் கொணர்ந்த பழக்கம் எவ்வளவு தூரம் பரவிற்று, பாருங்கள்!

லீபிக்குக் கிடைத்த காலம் நமக்குச் சில வாரங்களில் வாய்க்காது. ஆகவே முன்னும் பின்னும் பாடம் வேண்டும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் திட்டத்தில் 5 முதல் 30 நாள் நேரிலும், எஞ்சியதை இணையவழியிலும் கற்கும் பாடங்கள் இக்கருத்தில் அமைந்தவையே. செல்லுமுன் பயன்படுத்தப்போகும் கருவியின் தத்துவத்தை இங்கேயே கற்க வேண்டும். அங்கே தவறிய சோதனையையும் மறைக்காமல் அன்றன்றே குறிக்க வேண்டும். திரும்பியபின் அதே சோதனையை நம் கருவிகளைக் கொண்டு செய்துகாட்ட வேண்டும்.

மூத்த மாணவரின் குறிப்பேட்டைப் பார்த்து அளவை எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே இல்லையென்று சொல்ல முடியுமா? அதனை மாற்றும் நேர்மையான பழக்கத்தைக் கொணர்வதே பயணத்தின் பயன். செலவிட வசதியுள்ள சிலரே செல்ல முடிகிறது. அவர்கள் கற்றது செல்ல இயலாத நண்பரின் மேசைக்கும் வந்து சேரட்டும்!