இலைக் கருகல் எல்லாம் நோய் அல்ல

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மக்காச்சோளம், பருத்தி, மிளகாய் சாகுபடி அதிகம். மேற்கே புளியங்குடி, வாசுதேவநல்லூர்ப் பக்கம் எலுமிச்சையும் மாவும் உண்டு. இலை கருகினால் விவசாயி முதலில் செல்வது மருந்துக் கடைக்குத்தான். ஆனால் எந்த மருந்துக்கும் கட்டுப்படாத கருகல் ஒன்று உண்டு. அது காற்றிலுள்ள நச்சுப் புகையால் வருவது.

கெடுதல் செய்யும் வாயுக்கள்

நிலக்கரி எரிக்கும் செங்கல் சூளைகள், அனல் மின் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து கந்தக டை ஆக்சைடு வருகிறது. இது இலையின் நுண்துளை வழியே புகுந்து, ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. நரம்புகள் பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி வெளுத்துக் காயும். சூளையில் வேகும் மண்ணிலிருந்து ஃபுளோரைடு வாயு கிளம்பும். இதனால் இலை நுனியும் ஓரமும் தீயும். வாகனப் புகை வெயிலில் மாறி ஓசோன் உண்டாகிறது. முதிர்ந்த இலைகளின் மேற்புறத்தில் பொடிப் புள்ளிகள் தோன்றினால் இதைச் சந்தேகிக்கலாம். கல் உடைக்கும் ஆலை, சிமெண்ட் ஆலைத் தூசி இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும்.

வட இந்தியாவில் சூளைகளுக்கு அருகிலுள்ள தோப்புகளில் மாங்காயின் நுனி கறுத்துவிடுகிறது. அங்கே லிட்டருக்கு 6 கிராம் போராக்ஸ் கலந்து, காய் பட்டாணி அளவில் இருக்கும்போது ஒரு முறையும், 15 நாள் இடைவெளியில் மேலும் இரு முறையும் தெளிக்கிறார்கள்.

கண்டறிவது எப்படி?

சூளையிலிருந்து காற்று வீசும் திசையில் மட்டும் கருகல் உள்ளதா? வரப்பிலுள்ள களைகளும் சேர்ந்து கருகியுள்ளனவா? இலையின் அடியில் பூச்சி இல்லையா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் புகையே காரணமாக இருக்கலாம். சாம்பல் சத்துக் குறைவாலும் இலை ஓரம் கருகும். ஆனால் அது காற்றின் திசையைப் பார்த்து வராது. களைகளையும் அப்படித் தாக்காது.

செய்ய வேண்டியவை

தேதி குறித்துப் படம் எடுத்து வேளாண்மை அலுவலரிடம் காட்ட வேண்டும். அவர் உறுதி செய்யும்வரை மருந்துக்குச் செலவிட வேண்டாம். புகைதான் என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனுக் கொடுக்கலாம். புதிய செங்கல் சூளை குடியிருப்புக்கும் பழத்தோட்டத்துக்கும் குறைந்தது 0.8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது 2022-இல் வந்த மத்திய அரசின் விதி.

நம் வயலில் தட்டை கொளுத்தினால் எழுவதும் நச்சுப் புகைதான். ஒரு டன் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்து உண்டு. கொளுத்தினால் அது காற்றோடு போகும். மட்க வைத்தால் மண்ணுக்கே திரும்பும்.